நின்றவர்களுக்கும் கையெழுத்து உண்டு

லிலோங்வே
ஆகஸ்ட் 24

அன்புள்ள ஜெலிபா அக்காவுக்கு,

நான் நன்றாகவே கண்விழித்தேன், நீயும் அப்படியே என்றால். உன் குட்டி யாமிக்குக் கீழ்ப்பல் வந்துவிட்டதா? ஃபோனில் பேசமாட்டேன் என்கிறாய் என்று போன மாதமும் திட்டினாய். ஃபோனில் எனக்கு வார்த்தை வராது, மூச்சுதான் வரும். மூச்சுக்கும் காசு போகிறது. அதனால் எல்லைச் சாலை மினிபஸ் கண்டக்டரிடமே இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

அக்கா, நான் ஏரியைப் பார்த்துவிட்டேன். எங்கள் உணவு ஆலோசனைப் பிரிவு முழுவதும் மூன்று நாள் ஏரிக்கரை ஓட்டலுக்குப் போனது. தேநீர் ஊற்ற என்னையும் கூட்டிப்போனார்கள். புதிய உணவுப் புத்தகம் தயாரிக்கும் கூட்டம். குழந்தைகளை நிறுக்கிற உன்னைப் போன்ற தொண்டர்கள் எல்லோருக்கும் அது வருமாம். பஸ், அறை, சாப்பாடு எல்லாம் நீலப் பாக்கெட் கம்பெனியின் செலவு. வெந்நீரில் கலக்கினால் இனிப்புக் கஞ்சியாகுமே, அந்தத் தூள்தான்.

கடைசி நாள் கம்பெனியின் திருமதி சிசாலே கையெழுத்துத் தாளோடு வந்தார்.

"நீயும் போடும்மா. கூட்டத்துல உக்காந்தவங்க எல்லாருக்கும் படி உண்டு."

"நான் உக்காரவே இல்லீங்களே," என்றேன்.

"நின்னவங்களுக்கும் கையெழுத்து உண்டு. டிரைவர் போடலையா?"

போட்டேன். 'எங்கிருந்து வருகிறீர்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்தப் படிப் பணத்தில் உனக்கு இடுப்பில் சுற்ற ஒரு சிதென்ஜே துணி வாங்கியிருக்கிறேன். மீன் படம் போட்டது. கண்டக்டர் அதைத் தன் மனைவிக்குக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்.

நீ நலமென்றால் நானும் நலம்.

தோரிகா

*

சிம்வாலா
செப்டம்பர் 15

என் ஊமைத் தங்கைக்கு,

நாங்கள் நன்றாக எழுந்தோம், நீ எப்படியோ. துணி வந்துசேர்ந்தது. மீன்கள் என் பின்பக்கத்தில் நீந்துகின்றன என்று பக்கத்து வீட்டு நசிபெகோ சொல்கிறாள். பொறாமை.

யாமிக்கு நான்கு பல். எல்லாவற்றையும் கடிக்கிறான், என்னையும் சேர்த்து. போன நிறுக்கும் நாளில் மரக்கிளைத் தராசில் தொங்கிக்கொண்டே என் தலைத்துணியைப் பிடுங்கிவிட்டான். நிற நாடாவைச் சுற்றிக் கை அளந்தேன். பச்சை, அதுவும் நடுப் பச்சை; மஞ்சளுக்கும் சிவப்புக்கும் வெகுதூரம்.

இந்த வருடம் நிலக்கடலை நன்றாக விளைந்தது உனக்குத் தெரியும். மூன்று மூட்டை கூரைக்கடியில் இருக்கிறது. மழைக்காலம் வந்தால் சேமித்த சோளம் குறையும், கடலை காப்பாற்றும்.

புத்தகம் எப்போது வரும்? என்னிடம் இருப்பதில் எலி பாதி ஆலோசனையைத் தின்றுவிட்டது. அந்த எலிதான் இந்த ஊரிலேயே கொழுத்த பிராணி.

வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள் என்று பள்ளியை விட்டவள் நீ. இன்று அரசாங்கத்தின் நடுவில் நிற்கிறாய், தேநீரோடு என்றாலும். அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

உன் வயிறும் தலையும் சுகமாக இருக்கட்டும்.

ஜெலிபா

*

லிலோங்வே
அக்டோபர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

காலையில் நல்லபடி எழுந்தேன். வெயில் மட்டும் தாங்கவில்லை. யாமியின் பற்களுக்கு என் வணக்கம்.

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. உங்கள் மாவட்டத்துப் பெட்டிகளை நானே கயிறு கட்டினேன். தாள் தடிமனாக இருக்கிறது, மழையில் நனைந்தாலும் கிழியாது. கை கழுவுகிற படமும் பூசணிக் கீரைப் படமும் மிகவும் அழகு. பச்சைப்பசேலென்று நிஜக் கீரை போலவே இருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நிறையப் பெயர்கள் இருக்கின்றன. அதெல்லாம் நீ படிக்கத் தேவையில்லை.

நான்காம் பக்கத்தை மட்டும் ஒருமுறை நிதானமாகப் பார். வேறொன்றும் இல்லை.

உன் சுகத்தில்தான் என் சுகம்.

தோரிகா

*

சிம்வாலா
நவம்பர் 20

பெரிய மனுஷி தோரிகாவுக்கு,

நாங்கள் எழுந்ததும் நன்று, எழுந்து நான் போட்ட சத்தமும் நன்று. நீ படிக்காதே என்றால் நான் படிப்பேன் என்று உனக்குத் தெரியாதா? கடைசிப் பக்கம், இரண்டாம் பத்தி, ஆறாவது வரி. 'இப்புத்தகத்தை உருவாக்கியோர்.' மருத்துவர் ஒருவர், பேராசிரியர் ஒருவர், பிறகு என் தங்கை! 'இளம் தாய்மார்களின் பிரதிநிதி' என்று போட்டிருக்கிறார்கள். அடிப்பாவி, உனக்குக் குழந்தை எங்கே? நான் நசிபெகோவிடம் சொன்னேன்: "யாமியைத்தான் அவ தன் பிள்ளைன்னு எழுதிக்குடுத்திருக்கா, விடு."

நிறுக்கும் நாளில் நாற்பத்து மூன்று தாய்மார்கள் வந்தார்கள். எல்லோருக்கும் அந்த வரியைக் காட்டினேன். "நம்ம தோரியா? வாயே திறக்காதே அந்தப் பொண்ணு?" என்றார்கள். "வாயைத் திறக்காதவங்கதான் எழுதுவாங்க," என்றேன்.

நான்காம் பக்கத்தையும் பார்த்தேன். கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நீலப் பாக்கெட். பழைய புத்தகத்தில் அந்த இடத்தில் நிலக்கடலைப் பொடி இருந்தது. பாக்கெட்டில் பெயர் இல்லை, ஆனால் இங்கே கடையில் நீலமாக இருப்பது ஒன்றுதானே. தாய்மார்கள் "கடலையைவிட அது ஒசத்தியா?" என்று கேட்டார்கள். "என் தங்கச்சி தப்பா போடுவாளா?" என்றேன்.

நானும் இரண்டு மூட்டை கடலையை வியாபாரிக்குக் கொடுத்துவிட்டுப் பாக்கெட்டுகள் வாங்கிவிட்டேன். மற்றவர்களும் கொடுத்தார்கள். யாமி நக்கி நக்கிச் சாப்பிடுகிறான், வேறெதையும் தொடுவதில்லை.

உன்னால் நான் இந்த ஊரில் நிமிர்ந்து நடக்கிறேன்.

ஜெலிபா

*

லிலோங்வே
டிசம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மழை தொடங்கிவிட்டது. நீயும் யாமியும் எப்படி?

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. அலுவலகத்தில் வேலை அதிகம் என்று எழுத நினைத்தேன். வேலை அதிகம் இல்லை.

மீதமிருக்கும் ஒரு மூட்டையை விற்காதே. யாமிக்கு அதை இடித்துக் கஞ்சியில் போடு. புத்தகத்தில் இல்லை என்பதற்காக அது கெட்டது என்று அர்த்தமில்லை. தாய்மார்களிடமும் அப்படிச் சொல்லலாம். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. சோப்பும் உப்பும் அனுப்புகிறேன்.

யாமியின் கையளவு எழுது.

தோரிகா

*

சிம்வாலா
ஜனவரி 14

தோரிகாவுக்கு,

எழுந்தோம். நீ எப்படியோ.

சோப்பு வந்தது. பாதை சேறு. மினிபஸ் ஆற்றுப் பக்கம் இரண்டு நாள் மாட்டிக்கொண்டது. சோளத்துக்குக் களை எடுத்தாயிற்று, முழங்கால் உயரம் இருக்கிறது. இன்னும் மூன்று மாதம் வேண்டும். நசிபெகோவின் ஆடு குட்டி போட்டது, ஒன்று செத்தது. கூரையில் ஒழுகுகிற இடத்துக்குப் புல் வைத்தேன்.

அந்த ஒரு மூட்டை உன் கடிதத்துக்கு முன்பே போய்விட்டது.

பிறகு எழுதுகிறேன்.

ஜெலிபா

*

லிலோங்வே
பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் எப்படி எழுந்தேன் என்று எழுதப்போவதில்லை. உன் கடிதத்தை ஆறு தடவை படித்தேன். ஆட்டுக்குட்டி இருக்கிறது, கூரை இருக்கிறது, யாமி இல்லை. அவன் கை என்ன நிறம்?

நான் நவம்பரிலேயே எழுத வேண்டியதை இப்போது எழுதுகிறேன். அந்தப் புத்தகத்தை நான் உருவாக்கவில்லை. நான் தேநீர் ஊற்றினேன். காலியாக விட்ட கட்டத்தில் திருமதி சிசாலே எதையோ எழுதிக்கொண்டார். அதுதான் அந்த வரி.

மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் சுவரில் மாட்டிய படத்தில் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நிலக்கடலைப் பொடிதான் இருந்தது. கீழே ஒரு வரி: 'ஐந்து வயதுவரை பாக்கெட் இனிப்புக் கஞ்சி வேண்டாம்.' எங்கள் தலைவர் திரு. கம்வெண்டோ எழுதிய வரி. நான் அவருக்குப் பின்னால் கெட்டிலோடு நின்றேன்.

"கடலை இருக்கட்டும் அம்மா," என்றார் அவர். "அது ஒண்ணுதான் எல்லார் வீட்டுலயும் இருக்கு."

"யாருங்கய்யா எடுக்கச் சொன்னா?" என்றார் திருமதி சிசாலே. "அஞ்சாம் பக்கத்துல பெரியவங்க தட்டுல வெச்சுக்கலாம். கிண்ணத்துக்குப் பக்கத்துல மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் எடம்."

"அந்த 'வேண்டாம்'ங்கற வரி?"

"'வேண்டாம்'னு சொல்ற புத்தகத்துக்கு எங்க ஆளுங்க எப்படிங்கய்யா அச்சுக்கூலி குடுப்பாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். "புதுப் புத்தகம் இல்லாம நாலு வருஷமா உக்காந்திருக்கோம்," என்றார். பிறகு, "கம்பெனிப் பேரு வரக்கூடாது," என்றார்.

"பேரே வேணாம். வெறும் நீலம் போதும்."

அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு, அவர் கோப்பையில் நான் சர்க்கரை போடுவதில்லை. இருந்தும் அன்று அந்தத் தேநீரை அவர் நெடுநேரம் கலக்கிக்கொண்டே இருந்தார்.

ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பாய். என் பெயர் இதுவரை எங்கும் அச்சில் வந்ததில்லை. பள்ளிச் சான்றிதழில்கூட. பெட்டி கட்டும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். நீ நிமிர்ந்து நடக்கிறேன் என்று எழுதியதும் எனக்கு இனித்தது. அவ்வளவுதான் காரணம்.

பாக்கெட்டை நிறுத்து. பணம் அனுப்புகிறேன், கடலை வாங்கு. தாய்மார்களிடம் சொல்லிவிடு.

பதில் எழுது, திட்டியாவது.

தோரிகா

*

சிம்வாலா
மார்ச் 12

தோரிகா,

உன் கடிதம் வந்தபோது நான் வீட்டில் இல்லை. நசிபெகோ அதை மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். யாமியின் கை டிசம்பரில் மஞ்சள். ஜனவரியில் சிவப்பு. நாடாவைச் சுற்றியவள் நான், படித்தவள் நான். ஊரார் பிள்ளைகளின் நிறத்தை உரக்கச் சொல்கிறவள், என் பிள்ளையின் நிறத்தை நோட்டில்கூட எழுதவில்லை. அதனால்தான் உனக்கும் எழுதவில்லை. இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான்.

பாக்கெட் விலை ஏறியது. ஒன்றைக் கொண்டு மூன்று நாள் ஓட்டினேன், தண்ணீர் விட்டு விட்டு. கஞ்சி இனித்தது, அவன் சிரித்தான், காலில் வீக்கம் வந்தது. அதைக் கொழுப்பு என்று நினைத்தேன். நான், தொண்டர்.

வார்டில் இருபத்தாறு நாள். அங்கே என்ன மருந்து கொடுத்தார்கள் தெரியுமா? சின்ன உறையில் பழுப்பு நிறப் பசை. விரலில் எடுத்து நான் நக்கிப் பார்த்தேன். நிலக்கடலை. நாங்கள் வியாபாரிக்குக் கொடுத்த அதே கடலை, அரைத்து, பால்தூள் சேர்த்து, மருந்தாகத் திரும்பி வந்திருக்கிறது. நர்ஸிடம், "இது எங்க வீட்டுல கூரைக்கடியில இருந்துச்சு," என்றேன். "எல்லா அம்மாவும் இதைத்தான் சொல்றீங்க," என்றாள் அவள்.

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். அவன் பிழைத்தான். என் வரிசையில் இன்னும் ஐந்து பிள்ளைகள் மஞ்சளில் இருக்கிறார்கள்.

சொல்லிவிடு என்று எழுதுகிறாய். உன் பெயரைக் காட்டித்தான் நாற்பத்து மூன்று பேரிடம் சொன்னேன். அதை ஒரு கடிதத்தைக் காட்டித் திருப்பி வாங்க மாட்டேன். மார்ச் 29 நிறுக்கும் நாள். நீ வா. நீயே சொல்.

ஜெலிபா

*

லிலோங்வே
மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

யாமி பிழைத்தான் என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இன்று காலை திரு. கம்வெண்டோவின் மேசையில் தேநீர் வைத்துவிட்டு நான் நகரவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா?"

"புத்தகத்துலேருந்து என் பேரை எடுத்துடலாங்களா ஐயா?" இதைச் சொல்லி முடிப்பதற்குள் என் காது கொதித்தது.

"எல்லாரும் பேரைப் போடச் சொல்லித்தான் வருவாங்க," என்றார். நான் யாமியைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவு சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேரை எடுக்கணும்னா திரும்பக் கூட்டம் போடணும்மா. கூட்டம் போட்டா சாப்பாடு யாரு போடுவா?" அவர் கேலியாகச் சொல்லவில்லை.

நான் வருகிறேன். எழுந்து நிற்பேன். பேச்சு வரவில்லை என்றால் நீ பக்கத்தில் நில், ஆனால் எனக்காகப் பேசிவிடாதே.

தோரிகா

*

சிம்வாலா
ஏப்ரல் 6

தோரிக்கு,

நாங்கள் நன்றாக எழுந்தோம். நீ பத்திரமாகப் போய்ச்சேர்ந்தாய் என்று கண்டக்டர் சொன்னான். வழியெல்லாம் அழுதாய் என்றும் சொன்னான். அவனுக்கு வேறு வேலை இல்லை.

நீ தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாய். மூன்றே வாக்கியம். "இதை நான் எழுதலை. நான் தேநீர் ஊத்தினேன். கடலையை விக்காதீங்க." யாரும் கை தட்டவில்லை. நசிபெகோ, "அப்ப யாருதான் எழுதினது?" என்று கேட்டாள். இன்றுவரை நானும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருத்தி உன் முகத்துக்கு நேராக, "எங்க கடலை போச்சே, அதை உன் தேநீர் திருப்பித் தருமா?" என்றாள். நான் குறுக்கே வரவில்லை. நீதான் வரக்கூடாது என்றாய். நீ "தராது" என்றாய். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் அவர்கள் முகம் இளகியது, கவனித்தாயா? அதன் பிறகுதான் உனக்கு உட்காரப் பாய் போட்டார்கள்.

புத்தகத்தை எறியவில்லை. கை கழுவுவதும் கீரையும் நல்ல பக்கங்கள். மூன்றாம் பக்கம் முடிந்ததும் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டுகிறேன். பெண்கள் சிரிக்கிறார்கள்.

இன்னும் எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. என்மேலும். புதுக் கடலை பிடுங்கத் தொடங்கிவிட்டோம். ஒரு பை பச்சையாகவே அனுப்புகிறேன், உப்புப் போட்டு வேகவை.

ஜெலிபா

*

லிலோங்வே
ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக எழுந்தேன். கடலை வந்தது. வேகவைத்து அலுவலகத்துக்கும் கொண்டுபோனேன். திரு. கம்வெண்டோ இரண்டு பிடி எடுத்துக்கொண்டார், தோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நேற்று எங்கள் கூடத்திலேயே ஒரு கூட்டம். பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக்கு அடுத்த புத்தகம். சாப்பாடு நீலப் பாக்கெட் கம்பெனியுடையதுதான். மாலையில் கையெழுத்துத் தாள் வந்தது. திருமதி சிசாலே என் தோளில் கை வைத்து, "கட்டத்தை விட்டுடு கண்ணு, போன தடவை மாதிரி," என்றார். அவர் எப்போதும் அன்பாகத்தான் பேசுவார்.

அதற்குள் நான் எழுதிவிட்டிருந்தேன். 'எங்கிருந்து வருகிறீர்கள்' என்ற இடத்தில், 'இதே அலுவலகம், தேநீர் ஊற்றுபவள்' என்று. கட்டம் சின்னது. எழுத்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

"தேநீர் ஊத்தறவங்களுக்குப் படி கிடையாதேம்மா," என்றார்.

"பரவாயில்லீங்க." இதை நான் தரையைப் பார்க்காமல் சொன்னேன் அக்கா.

தாள் மேசையைச் சுற்றித் திரு. கம்வெண்டோவிடம் போனது. அவர் என் வரியைப் படித்தார். பேனாவை மூடினார், திறந்தார். தன் பெயருக்கு நேரே என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியவில்லை, நான் நின்ற இடம் தூரம். பிறகு என்னைப் பார்க்காமல் கோப்பையை நீட்டினார். ஊற்றினேன். அவர் அதைக் கலக்கவில்லை, அப்படியே குடித்தார்.

இந்த வேலை எத்தனை நாள் இருக்கும் என்று தெரியவில்லை. இன்று இருக்கிறது.

யாமியின் கை எவ்வளவு? நிறம் வேண்டாம், நாடாவில் இருக்கிற எண்ணை அப்படியே எழுது. குறைவாக இருந்தாலும் எழுது.

நீ நலமென்றால்தான் நான் நலம்.

தோரிகா